மூன்றாம் ஓலை

பிரசங்க மேடையிலிருந்து ஐயர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, சன்னலோரம். திருவிருந்து ஞாயிறு என்பதால் இந்தப் பக்கம் பாதிப்பேர் வெள்ளைச் சேலைதான், ஆனாலும் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் பார்த்தது என்னைத்தான். தகப்பன் தன் பிள்ளையைத்தான் அடிப்பான், பக்கத்து வீட்டுப் பிள்ளையையா அடிப்பான் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு நிறுத்துகிறார். நிறுத்தினால் நாலு பேர் தலையாட்டுவார்கள், அது அவருக்குப் பிடிக்கும். நான் ஆட்டவில்லை. ஆட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு இருக்கிறது, ஆண்டவர் அடித்துத் திருத்துகிற சிட்சையைப் பற்றிப் பேச இந்த ஞாயிறுதானா இவருக்குக் கிடைத்தது? என் மகள் ஜெமிமாவுக்கு இன்றைக்கு மூன்றாம் ஓலை. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் ஆயிற்று. மூன்று ஞாயிறு கோயிலில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்டு, மூன்று தடவையும் யாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் எங்களுக்குக் கல்யாணம். பிரசங்கம் முடியவேண்டும், அப்புறம் அறிவிப்பு, அறிவிப்பின் கடைசியில் ஓலை. இன்னும் அரைமணி நேரம் இருக்குமா? வியாழக்கிழமை கல்யாணம். பந்தக்கால் ஊன்றியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்கள் பம்பாயிலிருந்து ரயில் ஏறியாயிற்று. போன தடவையும் இதெல்லாம் ஆயிற்று. போன தடவை இரண்டாம் ஓலையோடு நின்றது.

இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக்கடிதம் போயிருக்கிறது, பெண்ணுக்கு நெஞ்சில் ஓட்டை என்று. பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பிறக்கும்போது இருந்தது, நாலு வயதில் தானாகவே அடைந்துவிட்டது என்று மதுரை டாக்டர் படம் எடுத்துக் காட்டினார், இனி இந்தப் பிள்ளை மலையேறலாம் என்றார். கடிதத்தில் அடைந்த கதை இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது. பாதி உண்மையை வைத்து எழுதுகிறவன் கைதேர்ந்தவன். அதுவும் மாப்பிள்ளை வீட்டு விலாசம் தெரிந்தவன், ஜெமிமா நாலு வயதுவரை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று தெரிந்தவன். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாத்தனார் டெய்சி. அவள் மகளுக்கு அப்போது வரன் அமையவில்லை, என் மகளுக்கு அமைந்துவிட்டது, முகம் ஒரு மாதிரிதான் இருந்தது. பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற சாந்தசீலன். அவன் தம்பிக்குப் பெண் கேட்டு நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது கூட ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு பவ்யமாக உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், பவ்யத்தைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். கோயில்குட்டியார் கூட இருக்கலாம். கோயில்மணி அடிக்கிறவருக்குத் தெரியாத வீட்டு விஷயம் எங்கள் ஊரில் கிடையாது. இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிப்பார்ப்பேன், இரண்டு வருஷமாக, அரிசி புடைக்கும்போது, துணி அலசும்போது. கடைசியில் ஒரு பேரில்தான் போய் நிற்கும். அந்தப் பேருக்குரியவள் இப்போது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

சலோமி. நாலாவது பெஞ்சு, எனக்கு நேர் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டியதில்லை. யூக்கலிப்டஸ் தைல வாசனை வருகிறது. ஊரிலேயே சித்திரை வெயிலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறவள் அவள் ஒருத்திதான். மதுரை ஆஸ்பத்திரியில் ஜெமிமாவுக்கு ஒவ்வொரு வருஷமும் துணைக்கு வந்தவளும் அவள்தான். எனக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும், அதனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போவது சலோமி. போர்டிங் பள்ளிக்கூடத்தில் மேட்ரன், லீவு சொல்லிவிட்டு வருவாள், நூறு பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு ஒரு பிள்ளை பெரிசா என்பாள். நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அவளுக்கு நான் ஹெப்சிக்கா. கூப்பிடுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இப்போது இருமுகிறாள். ஒரு தடவை, சின்னதாக. ஓலை வாசிக்கிற நேரத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாளோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி, நான் அரண்டவள்தான். ஆனால் பேய் இருக்கிறதா இல்லையா என்று அரண்டவனைத் தவிர வேறு யார் விடிய விடிய முழித்திருந்து பார்த்திருக்கிறார்கள்? கால் மரத்துப்போய்விட்டது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை, திருவிருந்துக்கு முன்னால் குடிக்கமாட்டேன், அந்த ஒழுங்கெல்லாம் எனக்குச் சரியாக இருக்கும். மின்விசிறி முக்காட்டைத் தள்ளிவிடுகிறது, இழுத்துவிட்டுக்கொண்டேன். இழுத்துவிட்டபோது அவள் என் பிடரியைப் பார்த்திருப்பாள்.

அடி விழும்போது ஏன் விழுகிறது என்று கேட்காதே, யார் கை என்று பார் என்கிறார் ஐயர். இவர் இந்தச் சபைச் சேகரத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஐயரம்மா செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். அங்கே சலோமி சாட்சி சொல்வாள். வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டாள், எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அதே சாட்சி. "எனக்கு ரெண்டு ஓலை வாசிச்சாவ. மூணாவது ஓலைக்கு ஆண்டவர் கையை நீட்டி நிப்பாட்டிட்டாரு. அன்னைக்கு அழுதேன். அடிச்சாரு, அடிச்சுத் தமக்குன்னு எடுத்துக்கிட்டாரு. இன்னைக்கு நூறு பிள்ளையளுக்கு என்னைத் தாயாக்கி வச்சிருக்காரு." எல்லாரும் அல்லேலூயா சொல்வார்கள். நானும் சொல்வேன். எத்தனை செவ்வாய்க்கிழமை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்தமாதிரி இருக்கும். ஆண்டவர் கை, ஆண்டவர் கை என்று இவள் அழுத்திச் சொல்வது யாருக்காக? யாருடைய கை என்று எனக்குத் தெரியும் என்பதை இப்படி ஜாடையாகச் சொல்கிறாளோ? முப்பத்தொரு வருஷமாக ஒருத்தி ஜாடை பேசமுடியுமா? பேசமுடியும். நான் முப்பத்தொரு வருஷமாக அல்லேலூயா சொல்லவில்லையா?

கை என்னுடையது. இடதுகை. நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர், வலதுகையால் எழுதினால் எழுத்து ஊருக்கே தெரியும். அதை நினைக்கக்கூடாது, கோயிலில் வைத்து, ஓலை வாசிக்கப்போகிற நேரத்தில். நினைக்கக்கூடாது என்றால்தான் வரும், அச்சு முறுக்கு வாசனையோடு வரும். சலோமிக்குப் பேசிய அந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் பெண் பார்க்க வந்தது எங்கள் வீட்டுக்கு. அம்மா அச்சு முறுக்கு சுட்டாள், நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன், அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நல்ல முகம். வாத்தியார் வேலை. முறுக்கை ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போய், பெண் நிறம் கம்மி என்று சொல்லியனுப்பினார்கள். போகட்டும் என்றுதான் இருந்தேன். மூன்று மாதம் கழித்து இதே கோயிலில், இதே மாதிரி அறிவிப்பின் கடைசியில், அவர் பேரும் சலோமி பேரும் முதல் ஓலை. அவள் நிறம் மட்டும் என்ன, என்னைவிட ஒரு பங்கு கூட இருக்குமா? அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. திங்கட்கிழமை இடதுகையால் எழுதினேன். பெண்ணுக்குக் காக்காய்வலிப்பு உண்டு, ஓய்வுநாள் பள்ளியில் எல்லாரும் பார்க்க விழுந்திருக்கிறாள். பொய்யில்லை. ஆறு வயதில், கடும் காய்ச்சலில், ஒரே ஒரு தடவை. நான்தான் ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கிப் பிடித்தேன். காய்ச்சலை எழுதவில்லை, வலிப்பை மட்டும் எழுதினேன். திருச்செந்தூருக்கு பஸ் ஏறிப்போய்த் தபால்பெட்டியில் போட்டேன். தேரடியில் திருவிழாக் கூட்டம், யாரும் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. சலோமி கோயிலுக்கு வந்திருந்தாள், தலையில் பூ வைத்துக்கொண்டு, அறிவிப்பு முடிந்தபிறகும் ஐயர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்கமுடியவில்லை என்று சொன்னால் நல்லவள் ஆகிவிடுவேன், நான் அதை எவ்வளவோ நாள் மறந்திருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஜெமிமா பிறந்தாள், வீடு கட்டினோம். மாதாமாதம் திருவிருந்து எடுத்தேன். பொதுப் பாவ அறிக்கை என்பது பெரிய சௌகரியம். ஊரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லிவிட்டால் எந்தப் பாவம், யாருடையது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஜெமிமாவின் ஓலை நின்றது, நான் நிறுத்திய அதே இடத்தில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். அதே வருஷம் கிணறு உப்பாகிப்போனது, சுற்றியுள்ள கிணறெல்லாம் சர்க்கரையாக இருக்க எங்கள் கிணறு மட்டும். அதற்கடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதோ, ஆண்கள் பக்கம் கடைசியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கைத்தடியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அடி மட்டும் அவருக்கும் சேர்த்து. இது சிட்சையா, பழியா? ஆண்டவர் அடித்தாரா, இல்லை சலோமிதான் தபால்பெட்டியைத் தேடிப்போனாளா? ஆண்டவர் என்றால் அடித்த கை அணைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சலோமி என்றால் இன்னொரு கடிதம் வரும். இரண்டு வருஷமாக நான் ஜெபிப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஆண்டவரே, அது நீராக இருக்கட்டும், அவளாக இருக்கவேண்டாம். இப்படி ஒரு ஜெபத்தை யாராவது செய்திருப்பார்களா? சில நாள் இப்படியும் தோன்றும், இரண்டு பேரும் கூட்டு. அவர் சொல்ல, அவள் எழுதியிருக்கிறாள்.

பிரசங்கம் முடிகிறது. முடிக்கும்போது ஐயர் குரலை இறக்கிச் சொல்கிறார். "அடி விழுகிறதே என்று பயப்படாதீர்கள். அடியே விழவில்லையென்றால் பயப்படுங்கள். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளையைத்தான் ஒருவரும் அடிப்பதில்லை." ஆமென். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அறிவிப்பு. செவ்வாய் பெண்கள் கூட்டம் டெய்சி வீட்டில். அசன விருந்துக்கு விறகு கொடுக்கிறவர்கள் பேர் கொடுக்கவும். ஓய்வுநாள் பள்ளித் தேர்வு. ஐயர் தாளைத் திருப்பினார். என் காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் இருந்தது. என் பக்கத்தில் ஜெமிமா உட்கார்ந்திருக்கிறாள், இதுவரை அவளை நான் பார்க்கவே இல்லை, அவள் கை மடியில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரிக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இருபத்தேழு வயது. போன தடவை நின்றபோது ஒரு வாரம் சாப்பிடவில்லை, அப்புறம் ஒருநாள் தானாகவே எழுந்து தோசை சுட்டாள், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் பிரின்ஸ் என்ற பேர், அவன் அப்பா பேர், ஊர், சேகரம். ஜெமிமா பேர். என் வீட்டுக்காரர் பேர். இது மூன்றாம் ஓலை. இவர்கள் விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போது சொல்லலாம். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். டெய்சி முக்காட்டைச் சரிசெய்தாள். சாந்தசீலன் ஆர்மோனியத்தில் விரலை வைத்திருந்தான். பின்னால் பெஞ்சு அசைந்தது. எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டாள் என்று என் முதுகு முழுக்கத் தெரிந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே எழுந்து கத்திவிடுவேன் போலிருந்தது. சன்னல் கதவு கிரீச் என்றது. வெயில் ஜெமிமாவின் முகத்தில் அடித்ததைப் பார்த்து எட்டிச் சாத்தியிருக்கிறாள். உட்கார்ந்துவிட்டாள். ஐயர் தாளை மடித்தார். "கர்த்தர் இவர்களை ஆசீர்வதிப்பாராக. காணிக்கைப் பாட்டு." சாந்தசீலன் துருத்தியை இழுத்தான், சபை எழுந்து பாட ஆரம்பித்தது.

முடிந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை. மூன்று மூச்சு விட்டிருப்பேன், நிம்மதியாக, முப்பத்தொரு வருஷத்தில் அப்படி விட்டதில்லை. நாலாவது மூச்சில் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது. ஏன் வரவில்லை? அடியே விழவில்லையென்றால் பயப்படுங்கள் என்றாரே. கணக்குத் தீர்ந்தது என்று விட்டுவிட்டாரா, இவளைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரா? இவ்வளவு நாள் ஓங்கிய கைக்குக் கீழேயே நின்று பழகிவிட்டேன், இப்போது தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. பயமாக இருந்தது, ஓலைக்குப் பயந்ததைவிடப் பெரிய பயம். அப்போது தோளில் ஒரு கை. தைல வாசனை. "பாத்தியளாக்கா, ஆண்டவர் நல்லவரு. பிள்ளைக்கு முடிஞ்சிட்டு. நான் மூணு நாளா உபவாசம்லா இருந்தேன், இந்த ஓலைக்காக." திரும்பினேன். சலோமி அழுதுகொண்டிருந்தாள், வாயெல்லாம் சிரிப்பு. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. இந்த முகத்தில் ஒரு சூது இருக்கும் என்று தேடினேன், பழக்கதோஷம், அப்போதும் தேடினேன். இல்லை. எங்குமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஜெமிமா முன்பெஞ்சிலிருந்து காணிக்கைப்பையை வாங்கிக்கொண்டிருந்தாள். சபை உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. நான் சலோமியின் காதருகே குனிந்தேன். மனம் திரும்பித்தான் சொன்னேனா, ஓர் அடியாவது விழட்டும் என்று சொன்னேனா, தெரியவில்லை.

"சலோமி, ஒன் ஓலைய நிப்பாட்டுனது நான்தான். அந்த லெட்டர் நான் எழுதுனது."

"என்னக்கா சொல்லுதிய? எந்த லெட்டரு?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு. ஒனக்கு வலிப்பு இருக்குன்னு எழுதிப் போட்டேன். அவங்க மொதல்ல என்னையத்தான் பாக்க வந்தாவ. அந்தக் கடுப்புல."

"லெட்டரா வந்துச்சு?" என்றாள். "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாவன்னு மட்டும்தானே எங்க அப்பா சொன்னாவ. ஏன்னு நான் கேக்கவே இல்லையே."

அவளுக்குக் கடிதம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஜாடை இல்லை, பழி இல்லை, ஒன்றுமில்லை. கை ஓங்குவாள் என்று பார்த்தேன், மரியாதையை விட்டு ஏட்டி என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு மேலே, பீடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவள்போல் உதடு அசைந்தது. பிறகு சின்னப்பிள்ளை கேட்கிறமாதிரி கேட்டாள்.

"அப்போ அது அவரு இல்லையாக்கா?"

அவர்தான் என்று சொல்லியிருக்கலாம். என் கையை வைத்து ஆண்டவர்தான் செய்தார் என்று, ஐயர் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார், நானே ஓய்வுநாள் பள்ளியில் சகோதரர்கள் விற்றுப்போட்ட யோசேப்பின் கதையை அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. பாட்டு முடிந்தது. ஜெபங்கள் முடிந்தன, எது முடிந்தது எது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அயலானோடு சமாதானமாயிருக்கிறவர்கள் வாருங்கள் என்று ஐயர் திருவிருந்துக்கு அழைத்தார். முதல் இரண்டு பெஞ்சும் போய்த் திரும்பின. கோயில்குட்டியார் எங்கள் பக்கம் கையைக் காட்டினார், மூன்றாவதும் நாலாவதும் ஒன்றாக. ஜெமிமா எழுந்தாள். பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்தார்கள். சலோமி முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டாள். ஒரு மாதம் தவறியதில்லை அவள், அம்மை போட்டு எழுந்த வாரம்கூட வேப்பிலை வாசனையோடு வந்து முழங்கால் போட்டவள். "வா சலோமி" என்றேன். "நீங்க போங்கக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது, ஜெமிமா திரும்பி என்னம்மா என்று கண்ணால் கேட்டாள், யாரோ முழங்கையால் என்னை மெல்லத் தள்ளினார்கள், நடந்தேன். பீடத்துக் கிராதியின் முன்னால் முழங்கால் போட்டேன். எனக்கு வலதுபக்கம் ஜெமிமா. இடதுபக்கம் ஓர் ஆள் இடம் விட்டு அடுத்தவள் முழங்கால் போட்டாள், சலோமி வருவாள் என்று நினைத்திருக்கவேண்டும். ஐயர் ஜெமிமாவுக்கு அப்பம் கொடுத்தார். எனக்குக் கொடுத்தார், கையை நீட்டி வாங்கினேன். அடுத்து அந்த இடத்துக்கு வந்தார், குனிந்த கை அப்படியே நின்றது, நிமிர்ந்து பெஞ்சுகளைப் பார்த்தார், பிறகு தட்டோடு அதைத் தாண்டிப் போனார்.